போன வருடத்தோடு ஒப்பிட்டால்

கனடாவின் சட்பரி நகர ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படங்களைப் படித்துச் சொல்லும் டாக்டர் டோரீன் பெல்கோனனுக்கு அந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. படிக்காமல் கிடந்த படங்கள் நாற்பத்திரண்டு. போதாக்குறைக்கு லூசியன் வேறு கதவருகில் நின்று உயிரை வாங்கினான். ஸ்கேன் மெஷினை இயக்குகிறவன் அவன். மெஷினாவது நடுவில் ஓயும், அவன் வாய் ஓயாது.

"டாக்டரம்மா, ஆர்வில் லாத்தி ஹால்ல உக்காந்துக்கிட்டு நகர மாட்டேங்கறாரு. நாளைக்கு ஃப்ளோரிடா கெளம்பறாராம், ஏப்ரல்லதான் வருவாராம். 'வழக்கம்போலத்தானே, கேட்டுச் சொல்லு'ன்னு ஒரே நச்சரிப்பு."

"ரிப்போர்ட் அவரோட டாக்டருக்குத்தான் போகும்னு சொல்லலையா?"

"சொன்னேனே! முப்பது வருஷம் சுரங்கத்துல வெடி வச்ச மனுஷன். காது கேக்கலையா, கேக்காத மாதிரி இருக்காரான்னு யாருக்குத் தெரியும்?"

டோரீன் ஆர்விலின் படத்தைத் திறந்தாள். வலது நுரையீரலில் சின்னதாக ஒரு முடிச்சு. வருடத்துக்கொரு ஸ்கேன், இது ஐந்தாவது. அதை அளந்து போன வருடப் படத்தோடு ஒப்பிடுவது மென்பொருளின் வேலை. ஒன்றரை மில்லிமீட்டருக்குள் வித்தியாசம் என்றால் பச்சை, தாண்டினால் சிவப்பு. பிறகு தன் கண்ணாலும் பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. இதுவரை வந்ததெல்லாம் பச்சை. "மாற்றமில்லை" என்று மூன்று முறை கையெழுத்துப் போட்டவள் அவளேதான்.

இன்று சிவப்பு வந்தது. மூன்று மில்லிமீட்டர் வளர்ச்சி, கன அளவு நான்கு மடங்கு.

அப்புறம்தான் தேதியைக் கவனித்தாள். போன வருடப் படத்தை விட்டுவிட்டு, மென்பொருள் முதல் வருடப் படத்தை இழுத்துப் போட்டிருந்தது.

லூசியன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "நேத்து சர்வர மாத்துனாங்கல்ல, அந்தக் கூத்துதான் இது. தள்ளுங்க." இரண்டே தட்டலில் போன வருடப் படம் வந்தது. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பச்சை. "சரியாப் போச்சு. மனுஷன் போய் வெயில் காயட்டும்."

கையெழுத்துப் போட்டிருக்கலாம். மனசு ஒப்பவில்லை. எழுந்தாள், காபி ஊற்றினாள், குடிக்காமல் வைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஐந்து படங்களையும் வரிசையாகத் திறந்தாள். முடிச்சின் அளவு ஐந்து மில்லிமீட்டர். ஐந்தே முக்கால். ஆறரை. ஏழே கால். எட்டு. ஒவ்வொரு வருடமும் பச்சைக்குள் அடங்குகிற அளவுக்கு மட்டும் அது வளர்ந்திருந்தது. முதல் படத்தைத் திறந்து பார் என்று பயிற்சிக்கு வருகிற டாக்டர்களிடம் வாய் கிழியச் சொல்கிறவள், தான் மட்டும் மூன்று வருடமும் பச்சையைப் பார்த்ததோடு சரி. வெட்கத்தில் காது மடல் சுட்டது.

"அந்தச் சிவப்பு கோளாறு இல்ல லூசியன். கோளாறு நாம இத்தன நாளா பண்ணதுதான்."

லூசியனின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "ரிப்போர்ட்ல எழுதிடுங்க. அவரு டாக்டர் பாத்துக்குவாரு."

"அந்த டாக்டர் திங்கக்கிழமைதான் பிரிப்பாரு. அதுக்குள்ள இவரு பாதி நாடு தாண்டியிருப்பாரு."

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நோயாளியிடமும் அவள் நேரில் போய் முடிவு சொன்னதில்லை. இருட்டறையில் உட்கார்ந்து படம் படிக்கிறவர்களுக்கு அப்படி ஒதுங்கியிருப்பது ஒரு சொகுசு. ஹாலுக்குப் போய் ஆர்விலின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முடிச்சு மெதுவாக வளர்கிறது, புற்றாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம், சோதிக்காமல் ஊருக்குப் போகக் கூடாது என்று அவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

ஆர்வில் எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "போன வருஷம் ஒண்ணுமில்லன்னாங்க. அதுக்கு முன்னாடி வருஷமும் அப்படித்தான் சொன்னாங்க. யாரு பாத்தது?"

மென்பொருள் என்ற சொல் டோரீனின் நாக்கு நுனியில் தயாராக நின்றது. முழுப் பொய்யும் இல்லை.

"நான்தான் பாத்தேன். மொத வருஷப் படத்தோட ஒப்பிட்டுப் பாத்திருக்கணும். பாக்கல."

அவர் திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"மெஷினு தப்பு பண்ணிச்சுன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேனே, டாக்டரம்மா."

"தெரியும்."

"ம்." கைத்தடியை ஊன்றி எழுந்தார். "எம் பொண்டாட்டி பெர்னிஸ் வெளிய வண்டியில உக்காந்திருக்கா. பொட்டியெல்லாம் நேத்தே ஏத்திட்டா. என்னால அவகிட்ட சொல்ல முடியாது. நீங்களே வந்து சொல்லுங்க."

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மேல்கோட்டு அறையிலேயே கிடக்க, டோரீன் அவரோடு நடந்தாள்.