கூடப் பிறந்தவர் யாருமில்லை

“சொந்தத்துல கட்டினதாணோ?” என்று சிஞ்சு கேட்டாள்.

“இல்ல. அசல்தான்,” என்றாள் முருகேஸ்வரி.

வண்டிப்பெரியாரில் பஸ் ஏறும்போதே இந்தப் பதிலைத் தயாராக வைத்திருந்தாள். கணவன் மாரீஸ்வரனுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தாள். அவன் அவளுடைய தாய்மாமன், அவள் அம்மா வேலுத்தாயின் தம்பி. தோட்டத் தமிழர்கள் குடியிருக்கும் எஸ்டேட் லயத்தில் அது ஒரு செய்தியே இல்லை. அக்காள் மகளைக் கட்டுவது தம்பிக்கு உரிமை. ஆனால் மகள் கற்பகம் வயிற்றில் இருந்தபோது, பிரசவ ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிய மலையாள நர்ஸ் பேனாவை வைத்துவிட்டு அடுத்த அறைக்குக் குரல் கொடுத்தாள். “இங்கோட்டு வா. சொந்தம் அம்மாவனெ கெட்டிய பெண்ணு.” தாய்மாமனைக் கட்டியவளை இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள். அதிலிருந்து எந்த ஆஸ்பத்திரியில் கேட்டாலும் முருகேஸ்வரிக்குக் கணவன் அசல்தான்.

இது கண் ஆஸ்பத்திரி. கற்பகத்துக்கு இருபது வயது. முதலில் பொழுது சாய்ந்தால் தெரியவில்லை என்றாள். இப்போது பகலிலும் நேரே இருப்பது மட்டும் தெரிகிறது, ஓரங்கள் இல்லை. விழித்திரை ஓரத்திலிருந்து அழிந்துகொண்டு வருகிறது, அரிதான நோய், இப்போதைக்கு மருந்து இல்லை என்றார் டாக்டர். இந்த நோய் குடும்பங்களில் எப்படி இறங்குகிறது என்று ஆராய்ச்சி நடக்கிறது, சேருங்கள் என்றார். சிஞ்சு அதில் குடும்ப விவரம் கேட்பவள். குமுளிக்காரி. முக்கால்வாசி தமிழ் பேசுவாள்.

ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் என்று தாளில் வரைந்தாள். கற்பகத்தின் வட்டத்தை மட்டும் கறுப்பாக்கினாள்.

“அச்சனோட கூடப் பிறந்தவங்க?”

மாரீஸ்வரன் தன் முழங்காலைப் பார்த்தான்.

“சொல்லுங்க,” என்றாள் முருகேஸ்வரி. வீட்டில் அவனை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

“யாருமில்ல. நான் ஒத்தப்பிள்ள.”

சிஞ்சு எழுதினாள். எழுதியதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “அம்மா, அச்சன் ரெண்டு பேர்கிட்டயும் ஒரே குறை மறைஞ்சிருந்தாத்தான் பிள்ளைக்கு இது வரும். அசல்ல அப்படி அமையறது ரொம்ப அபூர்வம். டாக்டர் கேட்டா சந்தோஷப்படுவார்.”

“எனக்குக் கல்யாணம் பேசியிருக்கு,” என்றாள் கற்பகம். “பிறக்கிற பிள்ளைக்கு வருமா?”

“பையன் சொந்தமா?”

கற்பகம் அம்மாவின் பக்கம் திரும்பினாள். முகத்தை முழுக்கத் திருப்பினால்தான் அவளுக்கு ஆள் தெரியும்.

“அசல்,” என்றாள் முருகேஸ்வரி.

“அப்போ அதிகம் பேடிக்க வேண்டாம்.”

பையன் மணிகண்டன், முருகேஸ்வரியின் தம்பி. இந்தப் பெண்ணை ஊரான் எவன் கட்டுவான் என்று அவனிடம் அழுது சம்மதம் வாங்கியிருந்தாள்.

வராந்தாவில் வேலுத்தாய் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர்கள் பின்னாலேயே சிஞ்சுவும் வெளியே வந்தாள்.

“அம்மாவோட அம்மையா? நல்லதாப் போச்சு. இவங்க ரத்தமும் எடுத்துக்கலாம். அச்சன் பக்கத்துலருந்து யாராவது வந்திருக்காங்களா?”

“யாருமில்ல,” என்றான் மாரீஸ்வரன்.

வேலுத்தாய் தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். தாய் செத்தபோது அவனுக்கு மூன்று வயது. தன் மகளுக்கும் அவனுக்கும் ஒரே தட்டில் சோறு பிசைந்து ஊட்டி வளர்த்தவள் அவள். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

“ஆமாம்மா,” என்றாள் சிஞ்சுவிடம். “அவுக வெளியூரு. எங்க மருமகன். பாவம், அவுகளுக்குன்னு யாருமில்ல.”

சிஞ்சு ரத்தம் எடுக்கும் இடத்தைக் காட்டிவிட்டு அறைக்குத் திரும்பினாள். வேலுத்தாய் ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக்கொண்டு ரத்தம் கொடுக்கப் போனாள். மாரீஸ்வரன் ஒதுங்கி வழிவிட்டான், அசலானைப் போலவே.

“அம்மாச்சிய, சொந்தத் தம்பியப் போய் அவுகன்னு சொல்ல வச்சிட்டியே,” என்றாள் கற்பகம். “இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா என்னையும் அசல்னுருப்ப.”

“மெதுவாப் பேசு. உனக்குத் தெரியாது. சிரிப்பாளுக.”

“சிரிக்கட்டும். மணி மாமாவையும் அசல்னுட்ட. அந்த அக்கா பயப்பட வேண்டாம்னு சொன்னது எந்த மாப்பிள்ளைக்கு?”

முருகேஸ்வரி திரும்ப அறைக்குள் போனாள். உட்காரவில்லை.

“அவரு என் தாய்மாமன். ரத்தம் குடுக்கப் போனது அவரு அக்கா.”

மேஜையைப் பார்த்துச் சொன்னாள். பாதியாகப் பிளந்த பிளாஸ்டிக் கண் ஒன்று அங்கே இருந்தது.

“கல்யாணப் பையன்?”

“என் தம்பி.”

சிஞ்சு சிரித்தாளா என்று தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தாள் கிழிபடும் சத்தம் கேட்டது. வேறொரு தாளில் கட்டத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே இந்த முறை இரண்டு கோடு விழுந்தது.

“சொந்தத்துல கட்டினா ரெண்டு கோடு. நிறைய குடும்பத்துக்கு இப்படி வரைஞ்சிருக்கேன் சேச்சி. ஏன் மறைச்சீங்க?”

முருகேஸ்வரி முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

“கல்யாணம் எப்போ?”

“தையில.”

“ரிப்போர்ட் வர அதுக்கும் மேல ஆகும். ரத்தம் எப்படியும் உண்மையைச் சொல்லும், ஆனா கல்யாணம் கழிஞ்சப்புறம் சொல்லும். தம்பியையும் வரச் சொல்லுங்க. அந்தக் குறை அவர்கிட்டயும் இருந்தா, பிறக்கிற பிள்ளைகள்ல பாதிக்கு வரலாம். இல்லன்னா பயமில்ல. தெரிஞ்சுட்டு அவங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணட்டும்.”

வெளியே வேலுத்தாய் முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இடம் இருந்தது. மாரீஸ்வரன் உட்காரவில்லை, எதிர்ச்சுவரோரம் நின்றான். முருகேஸ்வரியும் உட்காரவில்லை. வராந்தாவின் கோடிக்குப் போய்த் தம்பிக்குப் போன் செய்தாள்.

“சொல்லுக்கா. என்ன சொன்னாங்க?”

“நீ ஒருக்கா இங்க வரணும்டா.”

“எதுக்கு?”

“ரத்தம் குடுக்கணும். உனக்கும் இருக்கான்னு பாக்கணுமாம். பிள்ளைகளுக்கு வரலாமாம்.”

அவனுக்குப் பின்னால் ஏதோ மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

“நீ டாக்டருகிட்டக் கேட்டதாவும், வரவே வராதுன்னும் சொன்னியேக்கா.”

“சொன்னேன்,” என்றாள்.

“கேட்டியா?”

“கேக்கல.”