அண்ணை வாங்கிவந்த கல்குலேற்றர்

கல்குலேற்றர் என்றால் அதில் சமன் பொத்தான் இருக்கத்தானே வேண்டும்? இதையெல்லாம் கடிதத்தில் எழுதிக்கொண்டிருக்க வேண்டுமா என்றுதான் பத்மாசினி நினைத்தாள். பேராதனையில் எஞ்சினியரிங் படிக்க இடம் கிடைத்ததும், கப்பலில் வேலைசெய்த தமையன் இராசநாயகத்துக்கு, "சைன், கொஸ், லொக் எல்லாம் இருக்கவேணும்" என்று மட்டும் எழுதிவிட்டாள்.

அது 1978ஆம் ஆண்டு. இராசநாயகம் லீவில் பருத்தித்துறைக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது அயல் முழுக்க வீட்டில் கூடிவிட்டது. அம்மா சின்னாச்சிக்குச் சேலை, அயலாருக்குச் சவர்க்காரம் என்று எல்லாம் வெளியே வந்தபின், அடியில் தான் உடுத்தும் சாரத்தால் சுற்றி வைத்திருந்த கல்குலேற்றரைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினான்.

"சிங்கப்பூரிலை கடை கடையா ஏறி இறங்கினனான். எஞ்சினியர்மார் எதைத் தேடி வாங்குகினமோ அதைத் தா எண்டுதான் கேட்டு வாங்கினது. அமத்திப் பார் பிள்ளை."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அவள் இரண்டை அமத்தினாள், கூட்டலை அமத்தினாள், மூன்றை அமத்தினாள். பிறகு சமனைத் தேடினாள். மேலே இல்லை, கீழே இல்லை, ஓரத்திலும் இல்லை. சிவப்பு எழுத்தில் மூன்று என்றே நின்றது. திரும்பச் செய்தாள். திரும்பவும் மூன்று.

"இரண்டும் மூண்டும் மூண்டாமோ? உது கணக்குப் படியாத மெசின்போலை கிடக்கு" என்றாள் பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரி. எல்லோரும் சிரித்தார்கள்.

பத்மாசினிக்கு முகம் சிவந்தது. கம்பஸ் போகிற பெண்ணல்லவா, வாயை அவள் கொஞ்சம் மூடிக்கொண்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

"உங்களை நல்லாப் பேய்க்காட்டிப் போட்டாங்கள் அண்ணை. சமனே இல்லாத கல்குலேற்றர் எங்கையும் இருக்குமோ? எட்டாம் வகுப்போடை நிண்டவரிட்டைச் சொல்லிவிட்டது என்ரை பிழை."

அவன் ஏன் எட்டாம் வகுப்போடு நின்றான் என்பது அங்கே கூடியிருந்த எல்லோருக்கும் தெரியும். அப்பா மார்க்கண்டு கடலோடு போனபின், இவள் படிக்கவேண்டும் என்பதற்காக நின்றவன். சிரிப்பு அடங்கிவிட்டது. இராசநாயகம் கல்குலேற்றரை எடுத்துப் பழையபடி சாரத்துக்குள் சுற்றினான். அதனோடு ஒரு தடித்த விளக்கப் புத்தகமும் இருந்தது. அதை அவள் விரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"திருப்பிக் குடுத்துப்போட்டு வேறை வாங்கிக்கொண்டு வாறன்" என்றான்.

அவன் கப்பலுக்குப் போய்விட்டான். அவளும் இரவல் கல்குலேற்றரோடு பேராதனையில் படிக்கத் தொடங்கினாள். ஒருநாள் பௌதிக ஆய்வுகூடத்தில் விரிவுரையாளர் தன் மேசையில் வைத்திருந்ததைக் கண்டதும் அவள் கிட்டப் போய்ப் பார்த்தாள். அதே கல்குலேற்றர். அதே சிவப்பு எழுத்து. சமன் இல்லை. வாங்கிப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் சந்தோஷமாகக் காட்டிக்கொடுத்தார். முதலில் ஓர் எண்ணை அடித்து, 'என்ரர்' என்ற பெரிய பொத்தானை அமத்தவேண்டும். பிறகு அடுத்த எண், கடைசியாகக் கூட்டல். விடை தானாக வரும், சமன் தேவையே இல்லை. எவ்வளவு நீளமான கணக்கென்றாலும் அடைப்புக்குறி இல்லாமல் போட்டுவிடலாம்.

"இதைவிட நல்லது இப்ப உலகத்திலை இல்லை" என்றார் அவர்.

அன்று பத்மாசினி சாப்பிடவில்லை. அண்ணனுக்கு எழுதவேண்டும் என்று கடதாசியை எடுத்தாள், கிழித்தாள். என்னவென்று எழுதுவது? சோதனை முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். சோதனையும் முடிந்தது. லீவில் வீட்டுக்குப் போனால், அண்ணன் அவளுக்கு முன்னமே வந்து நிற்கிறான்.

அவன் முகமெல்லாம் சிரிப்பு. "இந்தா பிள்ளை, இஞ்சை பார்! சமன் கிடக்கு. நானே அமத்திப் பாத்துத்தான் வாங்கினனான்."

அவளுடைய வகுப்பில் பாதிப்பேர் வைத்திருந்த சாதாரணக் கல்குலேற்றர். அவனே இரண்டையும் மூன்றையும் கூட்டி, சமனை அமத்தி, ஐந்தைக் காட்டினான்.

"கடைக்காரனோடை பெரிய சண்டை. இதுதான் திறமானது, இதை ஏன் திருப்புறாய் எண்டு அவன் மண்டாடினான். நான் விடுவனோ? என்ரை தங்கச்சி எஞ்சினியருக்குப் படிக்கிறாள், அவளைவிட உனக்குத் தெரியுமோ எண்டு கேட்டன். கப்பற் பெடியள் எல்லாரும் எனக்காகத்தான் கதைச்சவங்கள்."

பத்மாசினி வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"நான் படியாதவன் பிள்ளை. அண்டைக்கு ஆக்களுக்கு முன்னாலை உன்னை வெட்கப்படுத்திப் போட்டன். குறை நினையாதை."

இப்போது சொல்லியிருக்கலாம். அவனும் கேட்டுச் சிரித்திருப்பான், அவ்வளவு நல்லவன். 

"பரவாயில்லை அண்ணை" என்றாள்.

மன்னித்துவிட்டாளாம்! அவன் சந்தோஷமாக எழும்பி அம்மாவிடம் தேத்தண்ணி கேட்கப் போனான். அந்த ஒரு சொல்லை மட்டுமாவது தான் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று, எஞ்சினியராகிப் பல காலம் போன பிறகும் பத்மாசினி நினைத்து நினைத்து அழுதாள்.