பட்டாளத்தார் வீட்டு டீ-ஷர்ட்

முருகவேலுக்கு மண்டை காய்ந்துவிட்டது. அவனுடைய அப்பாரை, அதாவது அப்பாவைப் பெற்றவரை, குண்டடத்தில் பட்டாளத்தார் என்று சொன்னால்தான் தெரியும். சரி, உலகப் போரில் எங்கே சண்டை போட்டார் என்று கேட்டால், சித்தப்பா மகன் ஒருவன் பர்மா என்றான். இன்னொருவன் சிங்கப்பூர் என்று அடித்துச் சொன்னான். வேலை மெனக்கெட்டு ராணுவ ஆபீஸுக்கு எழுதினால், ‘அவருடைய படை எண் என்ன?’ என்று திருப்பிக் கேட்டார்கள். அது தெரிந்தால் உங்களிடம் ஏன்யா வருகிறேன் என்று பல்லைக் கடித்தான்.

அதற்குள் குடும்பம் மொத்தமும் கூடும் நாள் வந்துவிட்டது. எந்தப் போர்க்களமாக இருந்தால் என்ன என்று, திருப்பூரில் தன் பிரிண்டிங் யூனிட்டிலேயே இருநூறு டீ-ஷர்ட்டில் ‘பட்டாளத்தார் குடும்பம்’ என்று துப்பாக்கிப் படத்தோடு அடித்துக் கொண்டுவந்தான்.

மண்டபத்தில், பல்லடத்து அத்தை சாரதாமணி ஒன்றை விரித்துப் பார்த்தாள். அப்பாரின் கடைசி மகள்; அவர் பிள்ளைகளில் இன்று மிச்சமிருப்பது இவள் ஒருத்திதான்.

“இதென்ன கண்ணு, துப்பாக்கி?”

“அப்பாரு பட்டாளத்துல இருந்தாருங்களே அத்தை.”

“எங்கய்யன் கோயமுத்தூரையே தாண்டுனதில்ல. புள்ளைங்க நாங்க பதினாலு பேரு. எல்லாத்தையும் சந்தைக்குக் கூட்டிட்டுப் போனா, பட்டாளம் வருது பாருன்னு ஊரே சிரிக்கும். அதுல வந்த பேரு.”

“இத ஏனுங்க இத்தன நாளாச் சொல்லல?”

“நீ எங்க எங்கிட்டக் கேட்ட?”

முருகவேல் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். வாசலிலிருந்து அவன் மனைவி கலைமகள் கத்தினாள்.

“ஏனுங்க, டீ-சர்ட்டு பத்தலீங்க! இன்னும் ரெண்டு வேன்ல ஆளு வந்து எறங்குது!”