பஸ் வந்தால் எரியும் விளக்கு

எனக்கு எதையும் முடிக்கத் தெரியாது என்று எங்கள் அண்ணன் மணிவண்ணன் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் சொல்வது உண்மை என்பதால் இன்னும் கூடுதலாகப் பற்றிக்கொண்டு வரும்.

செம்மேட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை. கடைக்குப் பின்னாலேயே ஓர் அறையில் குடியிருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் மூன்று தக்காளிப் பெட்டிகள். அவ்வளவும் நான் பாதியில் விட்ட கருவிகள். மரவள்ளிக் காட்டுக்குள் பன்றி நுழைந்தால் ரேடியோ வழியாகச் சொல்லி வீட்டில் மணி அடிக்க வேண்டிய கருவி ஒன்று. அது பன்றி வந்தபோது சும்மா இருந்துவிட்டு நான் போனபோது அடித்தது. சாயங்காலமானால் தானே மூடிக்கொள்ளும் கோழிக்கூண்டுக் கதவு, ஒரு சேவலின் வால் போனதோடு நின்றுவிட்டது. வெயில் போகும் பக்கம் தானாகத் திரும்பும் சோலார் தட்டு, முக்கால்வாசி. லேப்டாப்பில் மிளகு விலை சொல்லும் ஆப் ஒன்று இருக்கிறது, திறந்தால் போன வருஷத்து விலையைச் சொல்லும். ஒன்றில் சிக்கல் வந்தால் இன்னொன்றைத் தொடங்கிவிடுவேன். தொடங்குகிற சுகம் இருக்கிறதே, அது வேறு எதிலும் கிடையாது.

இப்படியே இருந்திருப்பேன். அம்மாவுக்குக் காது போகாமல் இருந்திருந்தால்.

எங்கள் அம்மா கண்ணாயி இதே மலையில், வளப்பூர் நாடு என்கிற பகுதியில், எங்கள் காட்டு வீட்டில் தனியாக இருக்கிறாள். அங்கே யாரும் பஸ்ஸுக்குக் கடிகாரம் பார்ப்பதில்லை. ஏழரை மணி பஸ் ஏழேகாலுக்கும் வரும், எட்டேகாலுக்கும் வரும். கீழ் வளைவில் டிரைவர் செல்வம் ஹாரன் அடிப்பார், நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. அது காதில் விழுந்ததும் அடுப்பை அணைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தால் நாமும் பஸ்ஸும் ஒன்றாக நிறுத்தத்தில் போய் நிற்போம். ஆறு நிமிஷக் கணக்கு. எங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

வாராவாரம் அந்தப் பஸ்ஸில் செம்மேட்டுச் சந்தைக்கு விற்க வருகிற அம்மா மூன்று சந்தையைத் தவறவிட்டாள். பக்கத்துக் காட்டுப் பாவாயி வேலி ஓரம் நின்று கூப்பிட்டுப் பார்த்தாள். "ஊருக்கே கேக்கற மாதிரி கத்தறா, என்னையச் செவிடின்னு தமுக்கடிக்கறாளா?" என்று அம்மா அவளோடு சண்டைக்குப் போய்விட்டாள். போன் வாங்கிக் கொடுத்தும் பிரயோஜனமில்லை, வீட்டில் சிக்னலே கிடையாது. நாலாவது சந்தைக்கு முன்கூட்டியே போய், நிழற்குடை இல்லாத அந்த நிறுத்தத்தில் சாரலில் ஒரு மணி நேரம் நின்றாள். சளி நெஞ்சில் கட்டி நாலு நாள் ஆஸ்பத்திரி.

திருப்பூரிலிருந்து அண்ணன் ஓடி வந்தான். "போதும் அருளு. அம்மாவ என்கூடக் கூட்டிட்டுப் போயிடறேன்."

அவன் மேல் தப்பில்லை. ஆனால் அம்மாவைக் கொண்டுபோய் ஓர் அறையில் உட்கார வைத்தால் அவள் ஒரு வருஷம் தாங்கமாட்டாள். எனக்கு அது தெரியும்.

"ஒரு மாசம் குடுண்ணா. பஸ் வந்தா ஊட்டுக்குள்ள லைட் எரியற மாதிரி செஞ்சு தாரேன்."

"நீ? எதையாச்சும் இதுவரைக்கும் முடிச்சிருக்கியா?"

பற்றிக்கொண்டு வந்தது. இதை முடிக்கும்வரை வேறு எதிலும் கை வைப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் லீவு போட்ட நாட்களிலும் கீழ் வளைவில் உட்கார்ந்து முப்பது ஹாரன் பதிவு செய்தேன். அந்தச் சத்தத்தை மட்டும் கண்டுபிடிக்கும்படி லேப்டாப்பில் ஒரு புரோகிராமைப் பழக்கி, ஒரு சின்ன போர்டில் ஏற்றி, மைக்கோடு வீட்டுக் கூரையில் மாட்டினேன். அடுப்புக்கு மேலே சிவப்பு பல்ப். செல்வம் ஹாரன் அடித்தார், பல்ப் எரிந்தது. மறுநாளும் எரிந்தது. அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேண்டுமென்றே பாவாயியைக் கூப்பிட்டுக் காட்டினாள். நான் மிதப்பாகச் செம்மேட்டுக்குத் திரும்பினேன்.

அடுத்த சந்தையில் அம்மா மிளகும் கொய்யாவும் வைத்து உட்காரும் இடம் காலியாக இருந்தது. கடையில் சொல்லிவிட்டு, கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அம்மா நல்ல சேலை கட்டி, தலை சீவி, கூடையை மடியில் வைத்துக்கொண்டு பல்ப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"லைட்டு எரியலயே கண்ணு. பஸ்ஸு இன்னைக்கு லேட்டாட்ட இருக்குது."

மணி பன்னிரண்டரை. காலையிலிருந்து அவள் அங்கிருந்து எழுந்திருக்கவே இல்லை. பஸ் எப்போதோ போய்விட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

செல்வம் ரெண்டு வாரம் லீவு. பதிலுக்கு வந்த டிரைவர் வளைவில் ஹாரன் அடிக்கும் ஆளே இல்லை. நான் பதிவு செய்த முப்பதும் செல்வத்தின் கை அடித்தது. பஸ்ஸுக்கு என்று நினைத்து செல்வத்துக்கு ஒரு கருவி செய்து வைத்திருக்கிறேன்! தலையில் அடித்துக்கொண்டேன்.

விஷயத்தை அண்ணனிடம் மறைக்கவில்லை. போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பிறகு, "அடுத்த சந்தைக்கு மொத நாள் வாரேன். மக்கா நாள் காத்தால பஸ்ஸுல அம்மாவக் கூட்டிட்டு மலை எறங்கறேன்" என்றான்.

"வா. வந்து பாரு" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது.

அன்றைக்கே மண்டைக்குள் புது யோசனை ஒன்று எட்டிப் பார்த்தது. பஸ்ஸிலேயே ஜிபிஎஸ் வைத்து, மலை முழுக்க எல்லோருக்கும் ஒரு ஆப் செய்தால்? போடி, வேலையைப் பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தக்காளிப் பெட்டிகளை வெளியே இழுத்தேன்.

டிரைவர் மாறலாம், ஹாரன் மாறலாம், பஸ் இரும்பு என்பது மாறாது. கீழ் வளைவில் எந்த டிரைவர் திருப்பினாலும் பின் சக்கரம் உள்பக்கக் கல்லை உரசிக்கொண்டுதான் போகும். அந்தக் கல்லோரம் ஒரு திசைகாட்டி வைத்தால் அவ்வளவு பெரிய இரும்பு கடக்கும்போது அது தடுமாறியே ஆக வேண்டும். மூடுபனியிலும் தடுமாறும், மழையிலும் தடுமாறும். திசைகாட்டி சிப் ஒன்று என் சோலார் தட்டுக்குள் இருந்தது. இருக்கிற கருவிகளிலேயே நான் ஆசைப்பட்டு வளர்த்தது அதுதான். பிரித்தேன். பன்றிக் கருவியிலிருந்து இரண்டு ரேடியோவையும், கோழிக்கூண்டிலிருந்து பேட்டரியையும் பிடுங்கினேன். ஒரு ரேடியோ வளைவில் திசைகாட்டியோடு, இன்னொன்று வீட்டில் சிவப்பு பல்ப்போடு. இனி அவற்றை முடிக்கவே முடியாது. போகட்டும்.

நாலு நாள் லீவு போட்டு வளைவில் குந்தியிருந்தேன். பைக் போனால் திசைகாட்டி காட்டும் எண் லேசாக அசைந்தது, ஜீப்புக்குக் கொஞ்சம், பஸ்ஸுக்கு எகிறியது. பலாப்பழ லாரிக்கும் அதே எகிறல். எத்தனை முயன்றும் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. அம்மாவிடம் போய்க் காதருகே கத்திச் சொன்னேன்.

"லாரியா இருந்தா திரும்பி வந்துட்டுப் போறேன் சாமி. எனக்குக் காதுதான போச்சு, காலா போச்சு?" என்றாள்.

சந்தைக்கு முதல் நாள் அண்ணன் வந்தான். காலையில் அம்மாவின் துணிமணிகளை ஒரு மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்தான். அம்மா கூடையை எடுத்து வைத்துக்கொண்டு அடுப்பின் முன்னால் உட்கார்ந்தாள். எனக்கு உள்ளே உட்கார முடியவில்லை. வாசலில் அண்ணன் பிடித்துக்கொண்டான்.

"வளைவுல இருக்கற பொட்டிய ஆடு முட்டுனா? பேட்டரி தீந்தா? நீ வந்து பாக்கற வரைக்கும் அம்மா பல்ப்பப் பாத்துட்டு உக்காந்திருக்கோணுமா, போன வாரமாட்ட?"

"பேட்டரி கொறஞ்சா பல்ப் மினுக்கும். அதையும் யோசிச்சுத்தான் செஞ்சிருக்கறேன்."

"நீ யோசிப்ப. அப்பறம் புதுசா ஒன்னு கெடச்சா இதை வுட்டுருவ."

"வுடமாட்டேன்!"

"எத்தன வாட்டி கேட்டிருக்கறேன் இத!"

அம்மா எங்களுக்கு நடுவே புகுந்து வெளியே போனாள். சேவலுக்குத் தீனி போடப் போகிறாள் என்று நினைத்தேன். அண்ணன் விடவில்லை. சின்ன வயதில் நான் பிரித்துப் போட்டு மாட்டாமல் விட்ட அவனுடைய ரேடியோ வரைக்கும் போய்விட்டான். நானும் சும்மா இருக்கவில்லை, காதுகூடக் கேட்காத பொம்பளையைத் தெரியாத ஊரில் அடைத்து வைக்கப் பார்க்கிறாயே என்று கத்தினேன். அவன் முகம் சுருங்கியது.

"சரி, உடு. மணி எட்டாவப் போவுது. பஸ்ஸுச் சத்தமே காணோம்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. உள்ளே எட்டிப் பார்த்தேன். அடுப்புக்கு மேலே சிவப்பு பல்ப் எரிந்துகொண்டிருந்தது. கூடையைக் காணோம்.

"அண்ணா, ஓடு!"

மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அவன் ஓடினான், பின்னால் நான். நிறுத்தத்துக்கு நாங்கள் போய்ச் சேரவும் பஸ் கிளம்பி மேல் வளைவில் திரும்பவும் சரியாக இருந்தது. ஜன்னலோரம் அம்மா. மடியில் கூடை. எங்களைப் பார்த்ததும் கையை வெளியே நீட்டி, காது கேட்காதவர்கள் பேசுகிற அந்தச் சத்தத்தில் மலையே கேட்கும்படி கத்தினாள்.

"பதினோரு மணி பஸ்ஸுல வாங்க சாமி!"

டிரைவர் அப்போதும் ஹாரன் அடிக்கவில்லை. இரண்டு நல்ல காதுகளோடு நாங்கள் இரண்டு பேரும் ரோட்டில் நின்றோம்.

அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு மைல்கல்லில் உட்கார்ந்தான். ரொம்ப நேரம் மேல் வளைவையே பார்த்தான். அப்புறம் மூட்டையைத் தோளிலிருந்து இறக்கி என் கையில் கொடுத்தான்.

"கொண்டுபோயி ஊட்டுல வெய்யி. துணியெல்லாம் அவுத்து, அது அது இருந்த எடத்துல வெச்சிரு."