கட்டிக் காட்டுகிறவள்

வாய் கொப்பளித்த தண்ணீர் இடதுபக்கமாக ஒழுகி ஜாக்கெட்டை நனைத்தபோதுதான் ரேவதிக்கு முதல் சந்தேகம். கண்ணாடியில் பார்த்தாள். பாதி முகம் அவள் பேச்சைக் கேட்கவே இல்லை. புருஷன் பாண்டியன் பதறிப்போய்ப் பக்கவாதம் என்றே முடிவுகட்டிவிட்டான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அதட்டினாள்: "பக்கவாதமும் இல்ல, காத்து கருப்பும் இல்ல. முகத்து நரம்பு வீங்கியிருக்குது. மாத்திரைய நடுவுல நிறுத்தாத. தூங்கும்போது கண்ண மூடி பிளாஸ்டர் ஒட்டிக்கோ. கொஞ்ச நாள்ல சரியாயிடும்மா."

அந்தக் கொஞ்ச நாள்கூடப் பொறுக்கவில்லை முதலாளி சிட்டிபாபுவுக்கு. காந்தி ரோட்டில் அவருடைய பட்டுக்கடையில் புடவையைத் தன்மேல் கட்டிக் காட்டுகிறவள் ரேவதி. முகூர்த்தப் புடவையைக் கல்யாணத்துக்கு முன்னால் பெண் மேலே போட்டுப் பார்க்கக் கூடாது என்கிற குடும்பங்களுக்கெல்லாம் அவள்தான் மணப்பெண். அப்பேர்ப்பட்டவளை, "நல்ல காரியத்துக்கு வர்ற ஜனம்மா. நீ உள்ள மடிச்சிக்கினு இரு" என்று பின்னறைக்குத் தள்ளிவிட்டார். ரேவதிக்கு வயிறு எரிந்தது. முகம் கோணினால் கையுமா கோணிவிட்டது? புடவை மடித்தபடியே கன்னத்தை உப்பினாள், உதட்டைக் குவித்தாள், புருவத்தை மேலே ஏறச் சொல்லி மிரட்டினாள். அது அசைந்தால்தானே! அவள் இடத்தில் இப்போது ஜீவிதா என்ற புதுப்பெண். அவளுக்குக் கை பழகிவிட்டால் தன் இடம் போனதுதான் என்று ரேவதிக்குத் தெரியும்.

அன்றைக்குக் கூரம் கிராமத்திலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம். ஜீவிதா அரக்குப் புடவையை அள்ளி மேலே போட்டதில் பார்டர் சுருண்டு, முந்தி தரையைக் கூட்டியது. மணப்பெண் முகத்தைச் சுளித்து, "வேற கடைக்குப் போலாம்மா" என்றாள். அதற்குமேல் ரேவதியால் உள்ளே உட்கார முடியவில்லை.

விடுவிடுவென்று வந்தாள். புடவையை வாங்கி, கொசுவம் எடுத்துச் செருகி, முந்தியைத் தோளில் விட்டுத் திரும்பி நின்றாள். கூட்டம் முதலில் புடவையைப் பார்த்தது. பிறகுதான் முகத்தை.

"இன்னாம்மா, மூஞ்சி இப்பிடி இழுத்துக்கினு இருக்குது?" என்றாள் மாப்பிள்ளையின் தாயார். "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல..."

"நரம்புக்குத்தான்மா நோவு, எனக்கில்ல. பொடவயப் பாருங்க." வார்த்தை பாதி காற்றாகப் போனது. போகட்டும் என்று மறுபடியும் சத்தமாகச் சொன்னாள்.

மணப்பெண் எழுந்து கிட்டே வந்துவிட்டாள். "எனக்கு இதான் வேணும்." துபாயில் இருக்கும் அக்காவுக்குப் படம் அனுப்பப் போனை எடுத்தாள். சிட்டிபாபு ஓடிவந்து குழைந்தார்: "கழுத்துக்குக் கீழ எடும்மா. பொடவ மட்டும் தெரிஞ்சா போதும்."

"இன்னாத்துக்கு?" ரேவதி முந்தியை இழுத்துவிட்டு நிமிர்ந்தாள். "கட்டிக்கினு நிக்கிறது நானு. மூஞ்சியோட எடும்மா."

பல் தெரியச் சிரித்தாள். உதடு வலப்பக்கமாக ஓடியது. இடக்கண் மூடமாட்டேன் என்று விழித்து நின்றது. அதிலிருந்து தண்ணீர் வடிந்தது. அவள் துடைக்கவில்லை.

மணப்பெண் போனை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினாள்.