வயர் போட்ட பிறகு அக்காவின் குரல்

1.

என் வீட்டுக்கு இன்டர்நெட் போட வந்தவர் தந்த கதை இது. அவருக்கே தெரியாது. "கேம் ஆடறதுன்னா வயர் போட்டுக்குங்க. வைஃபை விட்டு விட்டு வரும். வயர் போட்டும் அப்படியே விட்டு விட்டு வந்துச்சுன்னா, கோளாறு நம்ம வீட்ல இல்ல" என்றார். அந்தக் கடைசி வரியைக் குறித்துக்கொண்டேன்.

2.

'மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் தங்கை' — வேண்டாம். பயத்துக்கு மழை எதற்கு?

தங்கை பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். வேலை முடிந்து வந்ததும் வேறு ஊரில் இருக்கும் அக்காவோடு கணினியில் விளையாடுவாள். திரையில் துப்பாக்கிச் சண்டை. ஹெட்போனில் மனசுவிட்டுப் பேச்சு. அக்காவின் கணவர் அவள் ஃபோனை நோண்டுவார், விளையாட்டைக் கண்டுகொள்ள மாட்டார்.

[இவரை முதலில் கர்ஜிக்கிறவராக எழுதி, அழித்தேன். இப்போது மெதுவாகப் பேசுகிறார், அக்காவுக்குக் காபி கலந்து தருகிறார். பயம் கூடிவிட்டது.]

3.

அக்காவின் பேச்சு பாதியில் அறுந்தால், தங்கை தன் வைஃபையைத் திட்டுவாள்.

"என் லைன்தான் போச்சுக்கா. என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்லடி, விடு."

போன வாரம் ஹாலிலிருந்து தன் அறைவரை வயர் இழுத்தாள். அக்கா வீட்டில் முதலிலிருந்தே வயர்தான். விளையாட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. அக்காவின் குரல் மட்டும் முன்போலவே அறுந்தது. அப்படியானால் இத்தனை நாளும் பேச்சை அறுத்தது லைன் இல்லை, அங்கே...

(அவளால் முடிக்க முடியவில்லை. எனக்கும் துணிச்சல் இல்லை.)

4.

இன்று அக்கா கிசுகிசுத்தாள். "அடியே, அவர் கதவுகிட்ட நின்னு கேட்டுக்கிட்டு..."

குரல் நின்றது. திரையில் அக்கா ஆட்டுவிக்கும் ஆள் ஒரு மதிலோரம் அப்படியே நின்றாள்.

"அக்கா? பேசுக்கா!"

தங்கை மைக்கை அணைத்துவிட்டு அக்கா ஊர்ப் போலீசை அழைத்தாள். முகவரியை இரண்டு முறை சொன்னாள். "உடனே ஆள் அனுப்பறோம்" என்றார்கள்.

முடிவு ஒன்று: ஹெட்போன் பழுது, அக்கா சிரிக்கிறாள். எழுதிப் பார்த்தேன். பொய்.

முடிவு இரண்டு: போலீஸ் கதவைத் தட்ட, அக்காவே வந்து திற — ஆசைதான்.

5.

நடந்தது இதுதான். அக்காவின் ஆள் அசைந்தாள். ஓரடி வைத்து மதிலில் முட்டினாள், வானத்தைப் பார்த்தாள், தடுமாறித் திரும்பினாள். எந்தப் பொத்தான் எதற்கென்று தெரியாத கை. ஹெட்போனில் யாரோ மூச்சுவிடும் சத்தம்.

போலீஸ் வரும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தாக வேண்டும். தங்கை மைக்கைத் திறந்தாள்.

"மாமா, நீங்களா? அட, வாங்க வாங்க. எப்படி ஆடறதுன்னு நான் சொல்லித் தரேன்."

அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. இனி நீங்கள் பேசுங்கள். குரல் நடுங்கக் கூடாது, அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.