அனுப்புநர்: ஜீவரத்தினம்

அஸ்தினாபுரத்தில் இருபத்து நான்கு வீடுகள் கொண்ட அந்த அடுக்ககத்தில் குப்பைக்கு மரியாதை கொடுத்த ஒரே மனிதர் ஜீவரத்தினம். ரயில்வே பார்சல் ஆபீசில் முப்பத்து மூன்று வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். பால் பாக்கெட்டுகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, பால்கனிக் கொடியில் கிளிப் மாட்டிக் காயவைப்பார். அவை காய்ந்து இறங்கிய பிறகுதான் மனைவி ஞானசௌந்தரியின் புடவைக்கு அங்கே இடம்.

"என் பட்டுப்புடவையக்கூட ஒருநாளும் இப்படிப் பாத்துப் பாத்து மடிச்சதில்ல நீங்க" என்பாள் அவள்.

"பட்டுப்புடவை பீரோவ விட்டு எங்கயும் போகல. இது வெளிய போகுது. நாலு பேர் பாப்பாங்க."

காய்ந்ததையெல்லாம் சாக்கில் போட்டு, கோணி ஊசியால் வாயைத் தைத்து, ஓர் அட்டையையும் கட்டுவார். 'உலர் கழிவு. மறுசுழற்சிக்கு. அனுப்புநர்: எஸ். ஜீவரத்தினம்' என்று எழுதி, கீழே முழு முகவரி. அனுப்புநர் பெயர் இல்லாத மூட்டையைக் கண்டால் அவருக்கு இன்றைக்கும் பொறுக்காது.

காலையில் பேட்டரி வண்டி வரும். மூட்டை ஏறும். வண்டி தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்ப்பார். அதற்கு மேல் அது எங்கே போகிறது என்று அவர் கேட்டதில்லை. எங்கோ ஒரு பெரிய கொட்டகை, நடுவில் ஓர் இயந்திரம், இந்தப் பக்கம் பால் பாக்கெட் போனால் அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி வரும் என்று அவராகவே முடிவு செய்திருந்தார்.

இந்த நம்பிக்கைக்குப் பரிசாக ஒருநாள் மாநகராட்சியிலிருந்து பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்தது. அனகாபுத்தூர் ஆற்றங்கரையில் குப்பை கொட்டியதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவேண்டுமாம். சாட்சியாக ஒரு புகைப்படம். குப்பை மலை. அதன் உச்சியில் அவருடைய மூட்டை. கையெழுத்து, வழக்கம்போல, முத்து முத்தாக.

அடுக்ககச் செயலாளர் டெனிஸ் அன்று மாலையே கதவைத் தட்டினான். பிரியாணி எலும்பையும் பிள்ளையின் டயப்பரையும் ஒரே கவரில் முடிச்சுப் போட்டு அனுப்புகிற வீடு அவனுடையது. கவரில் பெயர் கிடையாது.

"அங்கிள், நம்ம அப்பார்ட்மென்ட் பேரே டேமேஜ் ஆகுது. கொஞ்சம் ரெஸ்பான்சிபிளா இருக்கக்கூடாதா?"

மறுநாள் ஜீவரத்தினம் நோட்டீசோடு மாநகராட்சி அலுவலகம் போனார். சுகாதார ஆய்வாளர் ஜெயவேலு அவரை உட்காரவைத்து, டீயும் சொன்னார்.

"சார், அங்க ஆயிரம் மூட்டை கிடக்குது. பேரு போட்டது உங்களோடது ஒண்ணுதான். வேற யாருக்கு நாங்க நோட்டீஸ் அனுப்புறது?"

"நான் வண்டியிலதான சார் போட்டேன்? வண்டி ஏன் ஆத்துக்குப் போச்சுன்னு வண்டிக்காரரக் கேளுங்க."

"கேட்டோமே. எல்லா வண்டியும் கிடங்குக்குத்தான் போகுதுன்னு கான்ட்ராக்டர் எழுத்துமூலமா குடுத்துட்டாரு." ஜெயவேலு குரலைத் தாழ்த்தினார். "பெரியவரே, நல்லதுக்குச் சொல்றேன். அடுத்த தடவை பேரு எழுதாதீங்க. ஒரு பிரச்சினையும் வராது."

முப்பத்து மூன்று வருட சர்வீசில் இவ்வளவு தெளிவான ஆலோசனை அவருக்குக் கிடைத்ததில்லை.

வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. ஸ்கூட்டரை நேரே அனகாபுத்தூருக்கு விட்டார். சந்துகளைத் தாண்டி ஆற்றங்கரைக்கு வந்தால், தாம்பரம் முதல் பல்லாவரம் வரை அத்தனை பேர் சாப்பிட்டதும் உடுத்தியதும் உடைத்ததும் ஒரே குன்றாகக் கிடந்தது. ஒரு லாரி அப்போதுதான் கொட்டிவிட்டுப் புறப்பட்டது. குன்றின் சரிவில் ஒரு பெண் கம்பியால் கிளறிக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார், இன்னா தேடிகினு கீற?"

"என் மூட்டைய."

"பேரு?"

சொன்னார். அவள் கம்பியை அப்படியே போட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

"நீதானா சார் அது! எம் பொண்ணு அட்டையப் படிச்சு சொல்லும். உன் மூட்ட வர்ற அன்னிக்கு எனக்கு ஒரே கொண்டாட்டம் சார். கைய வுட்டா கை நாறாது. மத்ததெல்லாம் பாரு." உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கண்ணாடிச் சில்லு கிழித்த தழும்புகள், ஒன்றின் மேல் ஒன்று. பெயர் அம்மணியாம்.

"இதெல்லாம் கொட்டகைக்குப் போகும்னு நினைச்சேன்மா."

"கொட்டாய் ரொம்ப தூரம் சார். அங்க லைன்ல வேற நிக்கணும், ஒரே பேஜாரு. ஆறு பக்கத்துலயே கீது."

ஜீவரத்தினத்துக்கு அந்த நாற்றத்தின் நடுவே வெட்கமாகவும் இருந்தது, சொல்லக் கூச்சப்படுகிற அளவுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. தன் மூட்டையை எதிர்பார்த்து உலகத்தில் ஒரு ஆள் இருந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து விளக்கம் எழுதினார். 'மறுசுழற்சிக்கு அனுப்பப்பட்ட சரக்கு, ஏற்றிச் சென்றவரின் தவறால் ஆற்றங்கரையில் இறக்கப்பட்டுள்ளது. திருமதி அம்மணி அவர்கள் அதை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டார்.' மறுநாள் திரும்பவும் போய் அவளுடைய கைநாட்டையும் வாங்கி ஒட்டினார். இப்படி ஒரு பதிலை என்ன செய்வதென்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. 'ஏற்கப்பட்டது' என்று முத்திரை குத்திக் கோப்பை மூடினார்கள். கடமைக்கு ஆற்றங்கரையில் 'இங்கு குப்பை கொட்டாதீர்' என்று ஒரு பலகையும் நட்டார்கள். புதிதாக வரும் லாரிக்காரர்களுக்கு இடம் கண்டுபிடிக்க அது ரொம்ப உதவியாக இருக்கிறது.

ஜீவரத்தினம் அதற்குமேல் வண்டியை நம்பவில்லை. புதன்கிழமைதோறும் அம்மணியை வீட்டுக்கே வரச்சொன்னார். மூன்றுசக்கர வண்டியை மிதித்துக்கொண்டு அவள் உள்ளே நுழைந்த முதல் நாளே டெனிஸ் மாடியிலிருந்து ஓடி வந்தான்.

"அங்கிள், செக்யூரிட்டி இஷ்யூ. வெளியாளுங்கள உள்ள விடக்கூடாது."

"ஏம்ப்பா, நம்ம இருபத்து நாலு வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு இந்தம்மாவுக்குத் தெரியாததா? இவங்களா வெளியாள்?" என்றாள் ஞானசௌந்தரி, பால்கனியிலிருந்தே.

முதல் மாதம் ஏழு வீடுகள் அம்மணிக்குக் கொடுத்தன. மற்ற வீடுகள் ஆற்றுக்கே அனுப்பின. மூன்றாவது மாதம், மனைவியின் நச்சரிப்பு தாங்காமல், டெனிசும் ஒரு கவரைக் கொண்டுவந்து நீட்டினான். அம்மணி முடிச்சை அவிழ்த்து உள்ளே பார்த்தாள். திருப்பி அவன் கையிலேயே கொடுத்தாள்.

"கழுவிக் கொண்டா சார். நான் நிக்கிறேன்."

"அடுத்த வாரம் பண்ணிக்கலாமே?"

"எனக்கு இன்னா அவசரம்?" அவள் வண்டியின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பிரியாணி டப்பாவைத் தூக்கிக்கொண்டு செயலாளர் படியேறினான்.

"மூடியையும் சார்!" என்று அவள் கத்தியது மூன்றாம் மாடிவரை கேட்டது.